வண்டுக்கு ஒரு வக்காலத்து

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லிக்கலாம், உண்மையில சோம்பேறித்தனம்தான். போன வாரம் அந்த பார்வர்டு மெசேஜ் மட்டும் வரலைன்னா இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓடியிருக்கும்.

விஷயம் இதுதான். நீளமா ரெண்டு கொம்பு வச்ச ஒரு சாம்பல் நிற வண்டு படம். மேல சிவப்பு எழுத்துல, இந்த வண்டைப் பார்த்தா உடனே நசுக்குங்க, ஒரே வாரத்துல உங்க மாமரத்தைக் காலி பண்ணிடும்னு ஒரு அலறல். கீழ வைத்தியம். ஓட்டையில பெட்ரோல் ஊத்து. ஊத்தியும் சாகலைன்னா மோனோகுரோட்டோபாஸ் நனைச்ச பஞ்சை வை. அடிமரத்துக்கு கார்பரில் பூசு. ஓட்டைக்குள்ள அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் போட்டு மண்ணு வச்சு அடை. எதுக்கும் அடங்கலைன்னா மரத்தை வெட்டிடு. அவ்வளவுதான். இதை அனுப்பினவர் நல்ல மனுஷர், எனக்கு வேண்டியவர். இதையே வரி மாறாம "பயனுள்ள தகவல்"னு தலைப்பு போட்டு தன் பதிவுல ஒட்டியிருக்கிறவர் நம்ம சக பதிவர். ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, சொல்லிடறேன்: அந்தச் செய்தியில சரியா இருந்தது வண்டோட படம் மட்டும்தான்.

முதல்ல படத்துல இருக்கிற ஆளை அறிமுகப்படுத்திடறேன். பேட்டோசெரா ரூஃபோமேகுலேட்டா. நம்ம வேளாண் புத்தகங்கள்ல மா தண்டு துளைப்பான். ரூஃபோமேகுலேட்டான்னா செம்புள்ளி போட்டதுன்னு அர்த்தம். கழுத்துப் பட்டை மாதிரி இருக்கிற பகுதியில ஆரஞ்சு நிறத்துல ரெண்டு வளைஞ்ச புள்ளி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முள். இறக்கை மூடி ஆரம்பிக்கிற இடத்துல கறுப்பா குருணை குருணையா இருக்கும், தடவினா சொரசொரன்னு தெரியும். அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் சாதாரணமா வளரும். ஆணுக்குக் கொம்பு உடம்பைவிட நீளம். கையில பிடிச்சா கழுத்தை மேலயும் கீழயும் ஆட்டி கிறீச் கிறீச்னு சத்தம் போடும். வாயால இல்லைங்க, கழுத்துப் பகுதியை அடுத்த பகுதியோட உரசி வர்ற சத்தம். சின்ன வயசுல இதைக் கேட்டுட்டு "வண்டு அழுவுது"ன்னு நான் கையை விட்டிருக்கேன்.

பேட்டோசெராங்கிறது ஒரு பேரினம். ஆசியா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் இதோட உறவுக்காரங்க நிறைய. நியூகினி, வட ஆஸ்திரேலியாவுல இருக்கிற பேட்டோசெரா வாலசியைப் பார்த்தா மூச்சு நின்னுடும், உடம்பைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல கொம்பு. நம்ம பக்கம் பேட்டோசெரா ரூபஸ்னு இன்னொண்ணு உண்டு, 1758-லயே லின்னேயஸ் பேர் வச்சது. செம்புள்ளிக்காரனுக்கு 1775-ல டி கீர் பேர் வச்சார். ஆக, 250 வருஷமா மனுஷனுக்குத் தெரிஞ்ச வண்டு. இதைப் பத்தி நாம இன்னும் "ஒரே வாரத்துல"ன்னு எழுதிக்கிட்டு இருக்கோம்.

ஒரு வாரமா? கதையே வேற. தாய் வண்டு மரப்பட்டையை வாயால கீறி, கீறலுக்கு ஒண்ணா முட்டை வைக்கும். அடிமரம், வெளியில தெரியிற வேர், பெரிய கிளைன்னு இடம் பார்த்து வைக்கும். ஒண்ணு ரெண்டு வாரத்துல பொரிச்சு வர்ற புழு முதல்ல பட்டைக்கு அடியிலயே மேயும். மரம் சாப்பாடு கடத்துற பாதை அங்கதான் இருக்கு, சேதமும் அங்கதான் ஆரம்பம். கொஞ்சம் வளர்ந்ததும் கட்டைக்குள்ள இறங்கும். கால் கிடையாது. தலை மட்டும் கெட்டியான கறுப்பு, வாய் உளி மாதிரி. மாசக்கணக்குல கட்டையைக் குடைஞ்சு குடைஞ்சு, கடைசியில விரல் நீளத்துக்கு, விரலைவிடத் தடியா, வெண்ணெய் நிறத்துல வளர்ந்து நிக்கும். அப்புறம் கட்டைக்குள்ளயே ஒரு அறை செஞ்சு கூட்டுப்புழு ஆகி, வண்டாகி, பெரும்பாலும் மழை ஆரம்பிக்கிற சமயத்துல வட்டமா ஓட்டை போட்டு வெளிய வரும். நம்ம ஊர்ல பொதுவா வருஷத்துக்கு ஒரு தலைமுறை.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வண்டு வெளிய வந்து போட்ட அந்தப் பெரிய வட்ட ஓட்டையைப் பார்த்துட்டு அதுக்குள்ள பெட்ரோல் ஊத்துறவர், காலி பண்ணிட்டுப் போன வாடகை வீட்டுக்கு பூட்டுப் போடுறார். ஆள் உள்ள இருக்கிற ஓட்டைன்னா அது சின்னது, ஈரமான மரத்தூளைத் தள்ளிக்கிட்டே இருக்கும், பிசின் வடியும். அந்த ஓட்டையில ஊத்தினாலும், பாதை நேரா இருக்காது, தன்னோட எச்சத்தாலயும் தூளாலயும் அது பின்னாடி அடைச்சு வச்சிருக்கும். பெட்ரோல் புழுவைத் தொடுதோ இல்லையோ, பட்டைக்கு அடியில இருக்கிற பச்சையைப் பதம் பார்த்துடும். புழு செஞ்சது பாதி, நாம செய்யுறது மீதி.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன், மன்னிக்கணும். நத்தம் பக்கத்துல எங்க பெரியப்பா வீட்டுக் கொல்லையில ஒரு நாட்டு மாமரம் இருந்துச்சு. அந்தப் பக்கம் தோப்புகள்ல செந்தூரமும் கல்லாமையும்தான் காசு. இது கொட்டை போட்டு வந்த மரம், நார் நாரா புளிப்பு, ஊறுகாய்க்கு மட்டும் ஆகும். ஆனா அந்த ஊறுகாய் எங்க குடும்பத்துல ஆறு வீட்டுக்குப் போகும். 2012-ல ஒரு கிளை மட்டும் வாடுச்சு. பெரியப்பா உரக்கடையில போய் கேட்டார். கடைக்காரர் மரத்தைப் பார்க்கலை, என்ன பூச்சின்னு கேக்கலை, ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அது சரிப்படலைன்னு மண்ணெண்ணெய். அதுவும் சரிப்படலைன்னு இன்னொரு பாட்டில், இந்தத் தடவை அடிமரத்துல நாலஞ்சு இடத்துல பட்டையைச் செதுக்கி பஞ்சு வச்சு. ஏற்கனவே புழு குடைஞ்ச மரத்துல இவங்க வேற தோண்டுனாங்க. அடுத்த வருஷம் பாதி மரம் மொட்டை. "வண்டு தின்ன மரம், வீட்டு மேல விழுந்துரும்"னு ஊரே சொல்ல, ஆள் வச்சு வெட்டியாச்சு.

வெட்டினதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே இருக்காது. வெட்டின கட்டையை என்ன செஞ்சோம் தெரியுமா? நாங்களேதான், நானும் தூக்கினேன். துண்டு போட்டு, காயட்டும் விறகுக்கு ஆகும்னு பின்பக்கச் சுவரோரமா அடுக்கினோம். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பலாமரம். பேட்டோசெராவுக்குப் பிடிச்ச மரங்கள்ல மா, அத்தி, பலா, இலவம் எல்லாம் உண்டுன்னு எங்க யாருக்கும் அப்ப தெரியாது. அடுத்த மழைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு வாசல்ல உக்காந்திருக்கோம், டியூப் லைட்டுல டப்பு டப்புன்னு வந்து மோதுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. வெளிச்சத்துக்கு வர்ற பழக்கம் இதுக்கு உண்டு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, அடுக்கி வச்ச கட்டையில புதுசா வட்ட ஓட்டை. மரத்தைக் கொன்னோம், புழுவை மட்டும் பத்திரமா வளர்த்து வழியனுப்பி வச்சிருக்கோம். பெரியப்பா ஒண்ணுமே சொல்லலை. "இதுக்கா தம்பி அதை வெட்டுனோம்?"னு மட்டும் கேட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு பலாமரத்துல தூள் கொட்டுச்சு. எங்க கட்டையில இருந்து போனதுதான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா பக்கத்து வீட்டு அத்தை கண்ணை இன்னிக்கும் என்னால நேரா பார்க்க முடியலை.

இந்தக் கதையோட சேர்த்து ஒரு ஆராய்ச்சியையும் சொல்லணும். இதே வண்டு போன நூற்றாண்டு நடுவுல இஸ்ரேல் பக்கம் போய்ச் சேர்ந்து அங்க அத்தி மரங்களைப் பதம் பார்த்துச்சு. அங்கயிருந்து 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. சாகுற மரத்துல கிடைக்கிற மாதிரி அரைகுறைத் தீனியில வளர்ந்த புழு, வண்டா மாறும்போது உருவத்துல சின்னதா இருக்கு. சின்னதுதானே, அங்கயே சுருண்டு விழும்னு நினைப்போம். இல்லையாம். பறக்க விட்டுப் பார்த்தா, கொழுகொழுன்னு வளர்ந்த பெருசுகளைவிட இந்தச் சின்னதுங்கதான் அதிக தூரம் பறக்குது. யோசிச்சா நியாயம்தான், வீட்டுல சோறு இல்லாதவன்தானே ஊரை விட்டுப் போவான். அப்ப அரைகுறையா சாகடிச்ச மரமும், அடுக்கி வச்ச ஈர விறகும் எதை உற்பத்தி பண்ணும்? தூரமா பறக்கத் தெரிஞ்ச வண்டை. பார்வர்டு மெசேஜ்ல "மரத்தை வெட்டிடு"ங்கிற வரி இருந்துச்சு. வெட்டின கட்டையை என்ன பண்ணணும்னு ஒரு வரி இல்லை.

சரி, மருந்து மேட்டருக்கு வருவோம். என் கோபமே இங்கதான்.

அந்தப் பட்டியல் எங்கயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு காலத்துல வேளாண் புத்தகத்திலயும் கையேட்டிலயும் இதெல்லாம் நிஜமாவே பரிந்துரையா இருந்துச்சு. எழுதினவங்க படிச்சவங்க, அன்னிக்கு அது சட்டப்படி சரி. ஆனா 2018-ல மத்திய அரசு கார்பரிலைத் தடை பண்ணிடுச்சு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005-லயே சொல்லியாச்சு, 2023-ல 36 சதவீத திரவத்தையே தடை பண்ணியாச்சு. 2013 ஜூலையில பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துல பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுல கலந்து 23 குழந்தைகளைக் கொன்னது இந்த மருந்துதான். இது மேல தெளிச்சா மேலயே நிக்கிற சரக்கு இல்லை, மரம் உறிஞ்சி உள்ளுக்குள்ள கொண்டு போற சரக்கு. அதனாலதான் பஞ்சுல நனைச்சு அடிமரத்துல வைக்கச் சொன்னாங்க. அந்த மரத்துக் காயைத்தானே சாமி நாம ஊறுகாய் போடுறோம்?

அலுமினியம் பாஸ்பைடு இன்னும் மோசம். அது ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு விடும். அதுக்கு மாற்று மருந்து கிடையாது. அதனாலதான் அதை அங்கீகாரம் வாங்கின ஆட்கள் மட்டும் கையாளணும்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. கொல்லை மாமரம்னா என்ன, படுக்கை அறை ஜன்னலுக்கு மூணடி தள்ளி நிக்கிற மரம்! நெல் மூட்டைக்குப் போடுற மாத்திரையைத் தன் பிள்ளை தூங்குற ஜன்னலுக்குப் பக்கத்துல போடச் சொல்லி ஒரு குடும்பஸ்தன் இன்னொரு குடும்பஸ்தனுக்கு "பயனுள்ள தகவல்" அனுப்புறார். பழைய புத்தகத்துல இருக்குங்கிறது ஒரு பதிலா? நாம பதிவு எழுதுறவங்க, காப்பி பேஸ்ட் பண்ண மூணு செகண்ட் ஆகும், தடை பண்ணியிருக்கான்னு தேட மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷத்துக்கு நமக்கு வலிக்குது.

"அப்ப வண்டு நிரபராதியா? வக்காலத்துன்னு தலைப்பு வேற வச்சிருக்க"ன்னு யாராவது ஆட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இல்லை. உயிருள்ள மரத்தைத்தான் இது குடையுது. நாலஞ்சு புழு சேர்ந்தா சின்ன மரத்தைச் சாய்ச்சிடும், பெரிய மரத்துல கிளை கிளையா காயவைக்கும். தோப்பு வச்சிருக்கிறவருக்கு இது விளையாட்டு இல்லை. நான் சொல்றது, குற்றவாளியைப் பிடிக்கணும்னா அவன் எப்ப வீட்டுல இருப்பான், எப்ப வெளிய போவான்னு தெரிஞ்சிருக்கணும். வண்டோட வாழ்க்கைதான் வைத்தியம். பாட்டில்ல எதுவும் இல்லை.

எப்படின்னா, வருஷத்துல பெரும்பகுதி அது ஒரே இடத்துல, மரத்துக்குள்ள, ஓடிப் போக வழியில்லாம, தினமும் தூளை வெளிய தள்ளி "நான் இங்கதான் இருக்கேன்"னு விலாசம் சொல்லிக்கிட்டு இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை மரத்தைச் சுத்தி வந்து அடியில தூள் விழுந்திருக்கான்னு பார்த்தாலே போதும். இருந்தா, நேத்து விழுந்த தூளா பழசான்னு தெரியணுமே? கூட்டி விட்டுட்டு மறுநாள் பாருங்க. புதுசா விழுந்திருந்தா ஆள் உள்ள இருக்கான். ஓட்டையைக் கத்தியால கொஞ்சம் சுத்தம் பண்ணி, சைக்கிள் பிரேக் கம்பியை நுனியில கொக்கி மாதிரி வளைச்சு உள்ள விட்டுத் திருகி இழுக்கணும். முதல் தடவை வராது. கம்பி நுனியில வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் களிமண் வச்சு அடைச்சுடுங்க. ரெண்டு நாள் கழிச்சும் தூள் வந்தா இன்னொரு தடவை. கிளை முழுக்க குடைஞ்சிருந்தா அந்தக் கிளையை மட்டும் வெட்டி, மழைக்கு முன்னாடியே எரிச்சிடணும். அடுக்கி வைக்காதீங்க, எங்க வீட்டு லட்சணம்தான் மேல பார்த்தீங்களே. தோப்புக்காரங்க மருந்துதான் வேணும்னா வட்டார வேளாண் அலுவலகத்துல, இன்னிய தேதிக்கு எதுக்கு அனுமதி இருக்குன்னு கேட்டு வாங்குங்க. பழைய துண்டுப் பிரசுரம் வேண்டாம்.

இன்னொண்ணு, தூளைப் பார்த்ததும் இவன்தான்னு முடிவு கட்டாதீங்க. பட்டைக்கு மேலயே நூலாம்படையில தூளும் எச்சமும் கோத்து ஒட்டின மாதிரி ரிப்பன் ரிப்பனா பாதை ஓடுதா? அது பட்டை தின்னும் புழு, இண்டார்பெலான்னு ஒரு அந்துப்பூச்சியோட பிள்ளை. அது மேலோட்டமான கேஸ், நூலாம்படையைத் துடைச்சு எடுத்தாலே ஓட்டை தெரிஞ்சிடும், ஆழமாவும் போகாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, பட்டை தின்னும் புழுவுக்காக மரத்தையே வெட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். என் கண்ணு முன்னாடி, இருபது வருஷ மரம்.

"இந்த வண்டைப் பார்த்தால் நசுக்குங்கள்"ங்கிற வரிக்கும் ஒரு வார்த்தை. நீள்கொம்பு வண்டுக் குடும்பத்துல முப்பதாயிரத்துக்கும் மேல இனம் இருக்கு. பெரும்பாலானது தின்னுறது செத்த மரம், சாகப்போற மரம், விழுந்த கிளை. காட்டுல விழுந்த மரமெல்லாம் மறுபடி மண்ணா மாறுறதுக்கு முதல் ஓட்டையைப் போடுறதே இதுங்க மாதிரி ஆட்கள்தான். அந்த ஓட்டை வழியா காளான் போகும், தண்ணி போகும், கரையான் போகும். புழுவைத் தேடி மரங்கொத்தி வரும். கொம்பு நீளமா இருந்தா நசுக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, சட்டை கிழிஞ்சவனெல்லாம் திருடன்னு சொல்ற மாதிரி. செம்புள்ளி, முள், குருணை, மூணும் சேர்ந்து இருந்தா அதுவும் உங்க தோப்புல இருந்தா, நசுக்கிக்கோங்க, நான் தடுக்கலை. வேற எதையாவது பிடிச்சா கிறீச் சத்தத்தைக் கேட்டுட்டு விட்டுடுங்க. (நாகாலாந்துல நீள்கொம்பு வண்டுப் புழுவை ருசிச்சு சாப்பிடுறாங்க. அவங்களை யாரும் கிண்டல் பண்ண வேண்டாம், விஷம் ஊத்துறதைவிட அது ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம். பெரியப்பாகிட்ட சொன்னேன், ரெண்டு நாள் என்கூட பேசலை.)

சக பதிவருக்கு: ஐயா, உங்க பதிவை எடுக்கச் சொல்லலை. அந்த மூணு மருந்துப் பேரை மட்டும் தூக்கிடுங்க, கட்டையை எரிக்கணும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. "ஒரே வாரத்துல"ங்கிறதை எடுத்துட்டு "ஒரு வருஷமா"ன்னு போடுங்க. போட்டா உங்க பதிவுக்கு நானே எல்லாருக்கும் லிங்க் கொடுக்கிறேன். போடலைன்னா இந்தப் பதிவுக்கு பார்ட் டூ வரும், அது இதைவிட நீளமா இருக்கும் :-)

டிஸ்கி: பெரியப்பா வீட்டுல அந்த மரத்தோட கொட்டையில முளைச்ச கன்று ஒண்ணு கிணத்தடியில நிக்குது. நான் எப்ப ஊருக்குப் போனாலும் பையில பிரேக் கம்பியோடதான் போறேன். போன தடவை அடியில கொஞ்சம் தூள் கிடந்துச்சு, பதறிப் போய் கூட்டிவிட்டுப் பார்த்தேன். மறுநாள் எதுவும் இல்லை. பெரியம்மா முதல் நாள் அங்க வச்சு விறகு உடைச்சாங்களாம்.